பூத்தா போச்சு

ஜூலை 8, திங்கள்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அப்பாவின் வேலை டார்ச்சைத் துண்டால் மூடி, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்கள்தான் பாதுகாப்பு. இந்த வீட்டில் அந்த நோட்டை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. சில நாட்கள் நானும் தொடுவதில்லை.

இன்று எங்கள் எட்டாம் வகுப்பில் ஜெசிந்தா டீச்சர் சீட்டுக் குலுக்கினார். ஆளுக்கு ஒரு வகை விதை. வீட்டில் வளர்த்து, வாரம் ஒரு முறை அளந்து, முதல் பூ எந்தத் தேதியில் விரிந்தது என்று எழுத வேண்டும். ஷர்மிளா பானுவுக்கு வெண்டை வந்தது. எனக்கு அவரை.

"எனக்கு வேற குடுங்க டீச்சர்."

"ஏம்மா, அவரைக்கு என்ன கொறச்சல்?"

"எங்க வீட்டுக்கு ஆகாது டீச்சர்."

"வயித்துக்கு ஆகாதா?"

வகுப்பே சிரித்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். "நீ திங்க வேணாம். வளத்தா போதும்" என்று என் பெயருக்கு நேரே அவரை என்று எழுதிவிட்டார்.

வயிற்றுக்கு இல்லை. அவரைக்காயை நாங்கள் கடையில் வாங்குவோம், சாம்பாரில் போடுவோம், ஒன்றும் ஆகாது. ஆனால் எங்கள் வீட்டில் அவரை நடக்கூடாது. நட்டு, அது பூத்தால், வீட்டு ஆம்பிளையின் உயிர் போய்விடும். கருத்தையா பூட்டன் அப்படித்தான் போனார். அவர் என் அத்தைக்குப் பூட்டன். முதல் அவரைப்பூ விரிந்த அன்று காலையில் செத்துப்போனார். அத்தை இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரித்தான் முடிப்பார்: "பூத்தா போச்சு."

எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஆம்பிளை அப்பா. அவர் மின்வாரியத்தில் லைன்மேன். தினமும் கம்பத்தில் ஏறுகிறவர்.

ஜூலை 10, புதன்

நட்டுவிட்டேன்.

நன்றாக யோசித்துத்தான் செய்தேன். பூத்தால்தானே போச்சு. முளைத்தால் போச்சு என்று அத்தை சொன்னதில்லை. இலை விட்டால் போச்சு என்றும் சொன்னதில்லை. ஆகவே இலை வரைக்கும் வளர்ப்பேன். மொட்டு தெரிந்ததும் பிடுங்கிவிட்டு, ஆடு தின்றுவிட்டது என்று டீச்சரிடம் சொல்வேன். மொட்டை மாடிக்கு ஆடு எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உடைந்த நீல வாளி ஒன்று கிடந்தது. அதில் மண் போட்டு நான்கு விதைகள். அத்தைக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறமாட்டார். அம்மா துணி காயப்போட வருவாள், ஆனால் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்க அவளுக்கு என்ன வேலை?

அத்தை என்றால் அப்பாவின் அக்கா, பேச்சியம்மாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணமாகி ஒன்றேகால் வருடத்தில் மாமா மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டாராம். கூடத்தில் அவர் படம் இருக்கிறது. என் பள்ளிக்கூடத்து அண்ணன்கள் போல அவ்வளவு சின்ன முகம்.

ஜூலை 17, புதன்

மூன்று முளைத்தன. ஒன்று மண்ணையும் சேர்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சந்தைக்குப் போகிற ஆள் மாதிரி. நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்கு ஆகாத ஒன்று இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

உயரம் 31 செ.மீ. ஷர்மிளாவின் வெண்டை 14தான். "என்னடி போட்ட அதுக்கு? எங்க உம்மா தெனம் மீன் கழுவுன தண்ணி ஊத்துது, அப்பயும் குட்டையாத்தான் நிக்குது" என்றாள். நான் ஒன்றும் போடவில்லை. பரீட்சைக்குப் படித்ததில் நான்கு நாட்கள் தண்ணீர் ஊற்றவே மறந்துவிட்டேன். ஆனாலும் வாளி மண் ஈரமாகவே இருக்கிறது. தொட்டி ஒழுகுகிறது போல.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தொட்டியில் ஒழுகும் தண்ணீர் கொஞ்சம் வெள்ளையாக இருக்கிறது. மண்ணில் இரண்டு அரிசி கிடந்தது. குருவி போட்டிருக்கும்.

அத்தை இன்று சாப்பிடவில்லை. இனிமேல் செவ்வாய்க்கிழமைகளில் விரதமாம். "எதுக்கு மதினி புதுசா?" என்று அம்மா கேட்டாள். "முட்டி வலிக்குத்தான்" என்றார். ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். முழங்கால் வலிக்குக் காசு முடிந்து வைத்து நான் பார்த்ததில்லை. போன மாதம் வரை தைலம்தான் தேய்த்தார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

92 செ.மீ. கொடி சாய்கிறதே, நாளைக்கு ஏதாவது கட்டலாம் என்று நேற்று நினைத்தேன். இன்று போனால் ஒரு பச்சைத் துணிக் கிழிசலைப் பிடித்துக்கொண்டு துணிக்கொடிக் கம்பிவரை ஏறியிருக்கிறது. அம்மாவின் பழைய சேலைத் துணி. காற்றில் பறந்து வந்து மாட்டியிருக்க வேண்டும். முடிச்சு மட்டும் எப்படி விழுந்தது என்று தெரியவில்லை.

அப்பா சாயங்காலம் ஏழு கம்பம் ஏறி இறங்கிய களைப்பில் தரையிலேயே தூங்கிவிட்டார். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே "எறும்பு ஏறுதா?" என்றார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மொட்டு.

பிடுங்கத்தான் போனேன். கை வைத்தேன். முடியவில்லை. மொட்டுகளை மட்டும் கிள்ளிப்போட்டேன். பதினொன்று.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தினமும் காலையில் பல் விளக்கும் சாக்கில் மாடிக்குப் போய்க் கிள்ளுகிறேன். இன்று முப்பத்தாறு. கிள்ளக் கிள்ள அதிகம் வருகிறது. வகுப்பில் டீச்சரிடம் என் கொடி பூக்கவே இல்லை என்றேன். அவரை பூக்காத வகை போல என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"ஒரே ஒரு செடிய வச்சு எதையும் முடிவு பண்ணாத இலக்கியா. வேற எடத்துல இருக்க நாலு அவரையப் பாரு. நாலும் பூக்கலன்னா அப்ப வந்து சொல்லு, நான் கேக்குறேன்" என்றார்.

எனக்கு நாலு அவரைக்கு எங்கே போவது?

ஆகஸ்ட் 30, வெள்ளி

எழுத்து சரியாக வரவில்லை.

அப்பா சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். கணுக்கால் பிசகியிருக்கிறது, அவ்வளவுதானாம். ஒரு மாதம் கம்பம் ஏறக்கூடாதாம். அத்தை அவர் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அழுதாரா என்று தெரியவில்லை. என்னை மட்டும் ஒரு முறை பார்த்தார்.

ஆகஸ்ட் 31, சனி

விடிந்ததும் மாடிக்கு ஓடினேன். ஒரு கொத்தை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். தொட்டிக் குழாய்க்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பூ. ஊதா நிறம். விரிந்தே விட்டது.

வேரோடு பிடுங்க இரண்டு கையாலும் பிடித்தேன். பின்னால் அம்மா குரல்.

"அதுல கைய வச்ச, கைய ஒடிச்சுப்புடுவேன்."

அம்மா கையில் அரிசி களைந்த தண்ணீர்ச் சட்டி இருந்தது. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. தொட்டி ஒழுகவே இல்லை.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, ஆடு, மொட்டு, அப்பாவின் கால். அம்மா கேட்டுக்கொண்டே தண்ணீரை ஊற்றினாள்.

"மூணாவது இலை விட்டப்பவே பாத்துட்டேன்டி. எங்க ஊர்ல எங்கம்மா வீட்டுக் கூரை முழுக்க அவரைதான். இங்க வாக்கப்பட்டு வந்து பதினஞ்சு வருசமா ஒரு கொடிய ஏறெடுத்துப் பாக்கல. சரி, பிள்ள தைரியமா போட்டுருக்கு, வளரட்டும்னு விட்டேன்."

"பூத்திருச்சும்மா. அப்பா விழுந்துட்டாரு."

"என்னைக்குப் பூத்துச்சு?"

"இன்னைக்கு."

"உங்கப்பா என்னைக்கு விழுந்தாரு?"

"நேத்து."

"அப்ப நாளைக்குப் பூக்கப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சு விழுந்தாரா? மனுசன் கம்பத்துல இருந்து விழல, டீக்கடைப் படியில இருந்து விழுந்தாரு. பஜ்ஜி வேகுறதப் பாத்துக்கிட்டே எறங்கியிருக்காரு. வேணும்னா அந்த பஜ்ஜிய ஆகாதுன்னு வையி."

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இப்போது படுத்துக்கொண்டு யோசித்தால், பூ விரிவதற்கு முந்தின நாளே உள்ளுக்குள் பூத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அம்மா அறிவியல் படித்தவள் இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

அத்தை விரதம். இந்த முறை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோயிலில் கம்பத்துப் பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து. பங்காளிகள் எல்லோரும் வருவார்கள். கருத்தையா பூட்டனுக்கு நான்கு மகன்கள், அவர்கள் வழியில் நான்கு வீட்டார். நாங்கள் சின்னமனூர். மற்றவர்கள் போடி, வீரபாண்டி, கம்பம்.

நாலு வீடு! டீச்சர் சொன்ன நாலு. எல்லோருக்கும் அவரை ஆகாது. யார் வீட்டிலாவது தெரியாமல் முளைத்திருந்தால், அப்போது என்ன ஆனது என்று கேட்கலாம். எத்தனை ஆம்பிளைகள் போனார்கள் என்று பட்டியல் போடலாம். நோட்டை எடுத்துப் போகிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

எதிலிருந்து தொடங்குவது?

கெடா வெட்டி, கறி வேகும்வரை எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் போடிப் பெரியம்மாவிடம் போனேன்.

"பெரியம்மா, உங்க வீட்ல எப்பவாவது அவரை முளைச்சிருக்கா?"

"அவரையா? எங்க வேலிக்கு மேல வேலி அதுதான. ஏன், விதை வேணுமா?"

"நமக்கு ஆகாதுல்ல?"

"யாரு சொன்னா? நமக்கு ஆகாதது வாத்து. வாத்து வளத்தா ஆம்பள உயிருக்கு ஆகாது. கருத்தையா பூட்டன் வாத்த வெரட்டிக்கிட்டுப் போயி கம்மாயில விழுந்துல்ல செத்தாரு."

நான் எழுதிக்கொண்டேன்.

வீரபாண்டிச் சித்தப்பா வீட்டில் வாத்து இருக்கிறது, இருபது உருப்படி. அவரையும் இருக்கிறது. "எள்ளு மட்டும் வெதைக்கமாட்டோம் பாப்பா. பூட்டன் எள்ளுக் களத்துலதான் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு" என்றார். கம்பத்துப் பெரியப்பா எள்ளும் விதைக்கிறார், வாத்தும் வைத்திருக்கிறார். புடலை மட்டும் போடமாட்டார். பந்தலில் தொங்கிய புடலங்காயைப் பாம்பென்று நினைத்து அதிர்ச்சியில் பூட்டன் போய்ச் சேர்ந்தாராம்.

இதற்குள் பெரியவர்கள் நோட்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். போடிப் பெரியம்மாவுக்குக் கோபம். "புடலங்காயப் பாத்து எவனாவது சாவானா? நாங்க வருசா வருசம் புடலை போடுறோம், என் வீட்டுக்காரரு குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்காரு பாருங்க."

"அப்ப வாத்த வெரட்டி மட்டும் சாவானா? கம்மாயில முழங்கால் தண்ணி" என்றார் கம்பத்துப் பெரியப்பா.

"ஒரு மனுசன் எத்தன தடவதான்யா சாவாரு" என்றார் அப்பா, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு.

கம்பத்துச் சின்னத்தாத்தா கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். எண்பத்து நாலு வயது. பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏண்டா, எங்க தாத்தாவையா சொல்றீக? அவரு கெடாவெட்டுக்குப் போயி மூக்கு முட்டத் தின்னுட்டு வந்து படுத்தாரு. காலைல எந்திரிக்கல. எம்பத்தஞ்சு வயசு. நான்தான் பக்கத்துல படுத்திருந்தேன், பத்து வயசுப் பய. வாத்துமில்ல, பாம்புமில்ல."

பிறகு வீரபாண்டிச் சித்தப்பா, "அப்ப நமக்குக் கெடாக்கறிதான் ஆகாதா?" என்றார். புளியமரத்தில் இருந்த காக்காயெல்லாம் பறந்துபோகும் அளவுக்குச் சிரித்தார்கள். கறியை யாரும் குறைத்துச் சாப்பிடவில்லை.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கம்பத்துப் பெரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அவரை எத்தன வருசமாப் போடுறீக?"

"நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து மதினி. முப்பத்தெட்டு வருசம். ரெண்டு ஏக்கரு."

"பூக்குமா?"

பெரியம்மா அத்தையை ஒரு மாதிரி பார்த்தார். "பூக்காம எப்படி மதினி காய்க்கும்?"

திரும்பி வரும்போது வேனில் அத்தை சன்னலோரம் உட்கார்ந்து வந்தார்.

நான் இப்போது பயப்படவில்லை. கொஞ்சம்தான்.

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் எனக்குச் சடை பின்னிக்கொண்டே அத்தை கேட்டார்.

"ஏத்தா, உங்க டீச்சர்ட்ட ஒண்ணு கேட்டுட்டு வாரியா? மஞ்சக்காமாலை எதனால வருதுன்னு. அவரைக்கொடிக்கும் அதுக்கும் எதுவும் இருக்கான்னு."

"யாருக்கு அத்தை காமாலை?"

"யாருக்கும் இல்ல. சும்மா கேளு."

டீச்சர் சிரிக்கவில்லை. அது கெட்ட தண்ணீரில் பரவும் நோய், செடிக்கும் பூவுக்கும் சம்பந்தமே கிடையாது என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். வீட்டுக்கு வந்து படித்துக் காட்டினேன்.

"தண்ணியா?" என்றார் அத்தை.

"ஆமா. கெட்ட தண்ணி."

"அந்த வருசம் அந்தத் தெருவுலயே ஏழெட்டுப் பேருக்கு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, என்னிடமிருந்து தாளை வாங்கி எழுத்துக் கூட்டி அவரே ஒரு முறை படித்தார். அப்புறம் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று செவ்வாய்க்கிழமை. அத்தை காலையிலேயே நான்கு இட்லி சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "மாடிப்படி எத்தன?" என்றார்.

அம்மா மெதுவாக, "பதினெட்டு மதினி" என்றாள்.

"ரெண்டு மாசமா தாயும் மகளும் மாத்தி மாத்தி ஏறுறீக. அரிசி கழனித்தண்ணி மேல போகுது, வெறும் சட்டி கீழ வருது. முட்டிதான போச்சு எனக்கு, கண்ணுமா போச்சு?"

அவருக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல், பிடுங்கச் சொல்லாமல், அப்பாவுக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார். ஏன் திட்டவில்லை என்று எனக்குப் புரியவில்லை. கேட்டதற்கு, "பிடுங்குனா மட்டும் போன உசுரு வருமா" என்றார். யாருடைய உயிர் என்று கேட்க நினைத்து, கூடத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பெயர் சொல்லி ஏறினார். பன்னிரண்டாவது படியில் சாமிகள் தீர்ந்துபோய் அம்மாவைத் திட்டினார். மேலே போனதும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிள்ளாமல் விட்டதிலிருந்து கொடியில் கொத்துக் கொத்தாகப் பூ. ஒன்றைக் கையில் ஏந்தி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது ஊதாப்பூவு" என்றார். "நான் போட்டது வெள்ள."

அம்மா அவர் தோளில் கை வைத்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. நான் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் உயரம் அளப்பது போல நின்றேன். மாமா போன அந்த வருடம் அத்தைக்குப் பத்தொன்பது வயதாம். அம்மா பிறகு சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தையின் பழைய குரல் கேட்டது. "கொடிக்குக் கம்பு ஊணாம சேலையிலயா கட்டுவாக? ஊரான் சிரிப்பான். போயி நாலு குச்சி எடுத்துட்டு வாடி."

செப்டம்பர் 16, திங்கள்

முதல் பூ: ஆகஸ்ட் 31 என்று டீச்சரிடம் எழுதிக் கொடுத்தேன். பூக்காத வகை என்று சொன்னேனே, அது பொய் என்பதையும் கீழே எழுதினேன். மொட்டுகளைக் கிள்ளியது நான்தான் என்றும். டீச்சர் அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை. "ஏன் கிள்ளுன?" என்று மட்டும் கேட்டார். நான் நான்கு வீட்டுப் பட்டியலைக் காட்டினேன். படித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு எடுத்துப்போனார். உள்ளே எல்லா டீச்சர்களும் சிரிப்பது கேட்டது. அப்புறம் கணக்கு டீச்சர் வெளியே வந்து, தன் வீட்டுக்குப் பாகற்கொடி ஆகாது, அதையும் சேர்த்துக்கொள் என்றார்.

செப்டம்பர் 27, வெள்ளி

காலையில் முதல் காய் பறித்தோம். ஒரு சின்னக் கூடை. அத்தைதான் பொரியல் செய்தார். நான் நார் உரித்த லட்சணத்தைப் பார்த்து, "இத தின்னா பல்லிடுக்குலயே கயிறு திரிக்கலாம்" என்றார். அப்பா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அதுவரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு அப்பா கையுறையையும் இடுப்பு பெல்ட்டையும் எடுத்தார். கால் சரியாகி இன்றுதான் மறுபடி கம்பம். நேற்றைய மழையில் ஆற்றுப்பாலம் பக்கம் மூன்று கம்பம் சாய்ந்திருக்கிறதாம்.

நான் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் கவனிக்கவில்லை. பட்டியலை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாத்து, எள்ளு, புடலை, அவரை. மூளைக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரியவில்லை.

ஐந்தரைக்கு வரவேண்டிய அப்பா வரவில்லை. கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். அத்தை வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். குப்பையே இல்லை. ஆறு மணி ஆனது. அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அத்தை கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினார். தெருமுனைவரை கூட்டிக்கொண்டு போனார், திரும்பி வந்தார். நான் ஒரே கணக்கை நான்கு முறை போட்டேன், நான்கு விடை வந்தது.

ஆறு இருபத்தைந்துக்கு வண்டிச் சத்தம். சட்டையெல்லாம் சேறு. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"என்னக்கா, வெளக்கு வச்ச பெறகு வாசல் கூட்டுற? அதுவும் வெள்ளிக்கெழம. லச்சுமி வெளிய போயிருவான்னு என்னைய எத்தன தடவ இதே வெளக்குமாத்தத் தூக்கிட்டு வெரட்டியிருக்க?"

அத்தை கையில் இருந்த விளக்குமாற்றைக் குனிந்து பார்த்தார். அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்கே தெரியாதது போல.

"போறவ போகட்டும்டா. நீ வந்துட்டேல்ல" என்றார். "காலக் கழுவிட்டு வா. பொரியல் மிச்சம் இருக்கு."